சின்னப் பாலத்துக்கு முந்தின திருப்பம்

ஜெனிஷாவும் நானும் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். அவள் கணக்கு, நான் தமிழ். எனக்கு வாய் நீளம், அவளுக்குப் பொறுமை அதிகம். அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோச்சடையில் வீடு, ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் ஆன்சன், இரண்டு பிள்ளைகள், அடுப்பு, பரீட்சைத் தாள். இத்தனைக்கும் நடுவில் சனிக்கிழமை காலையில் மட்டும் இரண்டு மணி நேரம் அவளுக்கென்று உண்டு. அப்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலக்கால் ரோட்டில் சோழவந்தான் பக்கம் போய்த் திரும்புவாள்.

ஹேண்டில்பாரில் கைக்கடக்கமாக ஒரு சைக்கிள் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள். போகிற வழியை வீட்டிலேயே அதில் போட்டுவிட்டால் ஊதா நிறத்தில் கோடு காட்டும், திருப்பம் வந்தால் சத்தம் கொடுக்கும். இவள் அந்தக் கோட்டை விட்டு இம்மி நகரமாட்டாள். வாராவாரம் அதே வழி, அதே நேரம். அதுதான் வினையாகிப் போனது.

துவரிமான் தாண்டியதும் ஒருவன் பைக்கில் பின்னாலேயே வர ஆரம்பித்தான். முதல் வாரம் சும்மா வந்தான். அடுத்த வாரம் பக்கத்தில் வந்து, "எம்புட்டுத் தூரம் போறீங்க மேடம், தனியாவா?" என்று கேட்டான். அதற்கடுத்த வாரம் முழங்கையை உரசிவிட்டு, "வார வாரம் நீங்க திரும்புற சின்னப் பாலத்துலயே நிக்கிறேன், அங்க பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நானாக இருந்தால் அங்கேயே செருப்பைக் கழற்றியிருப்பேன். இவள் வாயே திறக்கவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும். சொன்னால் அவனை யாரும் தேடிப் போகமாட்டார்கள். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்விடும், அந்த இரண்டு மணி நேரமும் அதோடு போய்விடும்.

போன சனிக்கிழமையும் கிளம்பினாள். சின்னப் பாலம் தூரத்தில் தெரிந்தபோது அதன் கைப்பிடிச் சுவரில் அவன் உட்கார்ந்திருந்தான். பைக்கை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தான். ரோட்டில் வேறு ஆளில்லை. பாலத்துக்கு முந்தின திருப்பத்தில் இடது பக்கம் ஒடித்துத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும் ரோட்டில் நுழைந்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் கத்தியது. வழி தப்பிவிட்டதாம், திரும்பச் சொன்னது. அவள் நிற்காமல் மிதித்தாள். அது புதுசாகக் கோடு போட்டது. அந்தக் கோடும் சுற்றி வளைத்துச் சின்னப் பாலத்துக்கே கொண்டுபோய் விட்டது. பின்னால் பைக் உறுமும் சத்தம் கேட்டது.

ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே போட்டிருந்த வழியை அழித்துவிட்டு, வீடு என்று அமுக்கினாள். வேர்வை விரலுக்குத் திரை மசியவில்லை. சட்டையில் துடைத்துத் துடைத்து அமுக்கினாள். மெயின் ரோட்டைத்தான் காட்டியது. அதாவது, அவன் வந்துகொண்டிருந்த ரோட்டை.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. டயர் மெல்லியது என்பதால் மண்பாதை வேண்டாமென்று அவள்தான் அதில் குறித்து வைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் திரையில் வட்டம் மட்டும் சுற்றியது. பைக் சத்தம் நெருங்கிவிட்டது. பிறகு வலது பக்கம் வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிப் புள்ளி புள்ளியாக ஒரு கோடு விழுந்தது. யோசிக்காமல் அதில் இறங்கினாள்.

பாதை குறுகிக்கொண்டே போய் ஒரு வாய்க்கால் கரையில் முடிந்தது. அக்கரைக்குப் போகக் குறுக்கே ஒற்றைத் தென்னைமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கீழே கரை தொட்டுத் தண்ணீர் ஓடியது. அவளுக்கு நீச்சல் தெரியாது. ஷூவைக் கழற்றிக் கரையில் எறிந்தாள், சைக்கிளைத் தோளில் மாட்டினாள், மரத்தில் கால் வைத்தாள்.

"கீழ பாக்கல தமிழ்ச்செல்வி. மாதாவே மாதாவேன்னுதான் போனேன்" என்று என்னிடம் சொன்னாள்.

அவள் அக்கரை சேர்ந்துவிட்டாள். பைக்கால் அந்த மரத்தில் ஏற முடியாது. ஆனால் அவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். சிரித்துக்கொண்டே அவனும் மரத்தில் கால் வைத்தான்.

"டேய் முத்துக்குமரா, யாரைடா விரட்டிக்கிட்டு வார?"

அக்கரை வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். கூப்பிட்டவள் கையில் நாற்றோடு கரையேறி வந்தாள். அவன் நடுமரத்தில் அப்படியே நின்றுவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, சும்மாதான்" என்றான்.

அவனைப் பெற்றவள் ஜெனிஷாவின் வெறுங்காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ஜெனிஷாவே மூச்சிரைக்க மூன்று வாரக் கதையையும் சொன்னாள். மற்ற பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"ஸ்டேஷனுக்குப் போயிராத தாயி" என்றாள் அந்த அம்மாள். "ஒத்தப் புள்ள. எங்க வீட்டு மானம் போயிரும்."

"போகமாட்டேன்னு வாக்கெல்லாம் குடுக்க முடியாதும்மா. இதைச் சொன்னா எங்க வீட்டுல என் சைக்கிளைத்தான் பூட்டி வைப்பாங்க. உங்க வீட்டுல என்ன செய்வீங்க?"

ஜெனிஷா யாரையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாள் கையிலிருந்த நாற்றைக் கரையில் போட்டாள். சேற்றுக் காலோடு மரத்தில் ஏறி நேராக மகனை நோக்கி நடந்தாள். அவன் பின்பக்கமாகவே நடந்து பைக் நின்ற கரையில் இறங்க வேண்டியதாயிற்று. அவள் பைக் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள், ஜெனிஷாவின் ஷூவைப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"குடுத்துட்டு வந்து வண்டியை உருட்டிக்கிட்டு வீடு போய்ச் சேரு. இனிமே இதை நீ எப்படி ஓட்டுறேன்னு பாக்குறேன்."

இதையெல்லாம் திங்கள்கிழமை ஸ்டாஃப் ரூமில் வைத்துத்தான் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆன்சன்கிட்ட சொன்னியா, இதையும் மறைச்சுட்டியா?" என்றேன்.

"அன்னைக்கே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"இனிமே சைக்கிளைத் தொடாதேன்னாரு."

"நீ?"

"அந்தம்மா ஊருக்கு வழி போட்டுத் தாரேன், அவங்க யாரு வண்டிச் சாவியைப் புடுங்கினாங்கன்னு போய்ப் பாத்துட்டு வாங்கன்னு சொன்னேன்."