ஒரு கையால் கார் கழுவ

"கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்ட வேணாம்" என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டினேன். என் வலது கை அப்போது மடியில் கிடந்தது. யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில்தான் அது நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து டிபன் பாக்ஸை மூடப் போனேன். மூடி பிடிபடவில்லை. பக்கவாதம். சில வாரங்களில் கால் ஓரளவு திரும்பியது, பேச்சும் திரும்பியது. கை மட்டும் அரைகுறையாக நின்றுவிட்டது. தோளும் முழங்கையும் அசையும். விரல்கள் எதையும் பிடிக்காது.

என் மனைவி சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அதுவரை பஸ்ஸில் போய் வந்தவள். லைசென்ஸ் இருந்ததே தவிர, தெருமுனைக் கடையைத் தாண்டி அவள் கார் ஓட்டியதில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரமே சாவியை எடுத்துக்கொண்டாள். "சனிக்கிழமைதோறும் ஒங்கள அண்ணாமலை நகருக்கு பிசியோதெரபிக்கு கூட்டினு போவணும். எத்தன நாளைக்கு இன்னொருத்தர கூப்டுறது? நானே ஓட்டுறேன்" என்றாள். முதல் நாள் லாரி பக்கத்தில் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறு மாதம் ஒரு கையால் ஹாரன் அடித்தபடி லாரியை முந்தினாள்.

பள்ளிக்கூடத்துக்கும் அவள் காரிலேயே போக ஆரம்பித்ததில், கார் தினமும் சிதம்பரம் போய் வந்தது. சாலை வேலை நடக்கும் இடத்துச் சிமெண்ட் தூசு, முன் பம்பரில் செத்து ஒட்டிய பூச்சிகள், வாசல் வேப்பமரத்துக் காக்கைகளின் எச்சம். கருநீல வண்டி சாம்பல் நிறமாகிவிட்டது. அதற்கு முன்னால் வாராவாரம் நான்தான் கழுவுவேன். அலுவலகத்துக்கு மருத்துவ விடுப்பு சொல்லிவிட்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சாம்பல் வண்டியைப் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"வாட்டர் சர்வீஸ்ல விட்டுடலாங்க" என்றாள் மனைவி.

"வண்டிய நீ ஓட்டு. கழுவறது நானு."

அவள் என் கையைப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பழையபடியே பக்கெட், மக், மஞ்சள் ஸ்பாஞ்ச் என்று எடுத்து வைத்தேன். நிறைந்த பக்கெட்டை இடது கையால் தூக்கியபோது உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. பாதித் தண்ணீர் வாசலிலேயே போயிற்று. வலது கைக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்ததால் ஸ்பாஞ்சை அந்த விரல்களுக்குள் திணித்துத் தேய்த்தேன். நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துத் தேய்த்தேன். மறுபடி விழுந்தது. அதில் மணல் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. டிரைவர் பக்கக் கதவில் சோப்பு நுரை வடிந்தபோது, கீறல்கள் பிறை பிறையாகத் தெரிந்தன.

மனைவி வெளியே வந்து பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கெட்டை எடுத்து மீதியை அவளே கழுவினாள். நான் வீட்டுக்குள் போய், டிவியைப் போடாமலே அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் அவள் தம்பிக்குப் போய்விட்டது. நெய்வேலிப் பக்கம் வேலை பார்க்கும் மச்சினன், நல்ல மனசுக்காரன், எதையும் பெரிதாகச் செய்பவன். அடுத்த ஞாயிறு காலையிலேயே ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினான். உள்ளே புத்தம் புது பிரஷர் வாஷர்.

"மாமா, இதுல தேய்க்கற வேலையே ஜாஸ்தி கெடையாது. சுட்டு தள்ளிக்கினே இருக்க வேண்டியதுதான்."

அவனே பைப்பை மாட்டி, கரண்ட் கொடுத்து, துப்பாக்கி மாதிரி இருந்த முனையை என் இடது கையில் கொடுத்தான். விசையை அழுத்தியதும் அது பின்னால் உதைத்தது. இடது கையில் நிலையாகப் பிடிக்க முடியவில்லை. தாங்கிக்கொள்ள வலது கை வரவில்லை. தண்ணீர் காரை விட்டுவிட்டு மனைவியின் ரோஜாத் தொட்டியில் பாய்ந்தது, மண் எகிறியது. ஒதுங்கப் பார்த்தேன். கால் பைப்பில் சிக்கி, ஈரத் தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றும் இல்லை.

மச்சினன் ஓடி வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். "வுடு மாமா. நானே மாசத்துக்கு ரெண்டு தபா வந்து கழுவிட்டு போறேன். ஒனக்கு இன்னாத்துக்கு இந்த கஷ்டம்?"

அன்பாகத்தான் சொன்னான். ஆனால் விழுந்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது.

"மெஷின நீ எடுத்துனு போ மச்சான். ஒன் வண்டிக்கு ஆவும். என் வண்டிய நான் கழுவிக்கறேன்."

"எப்டி மாமா?"

"தெரியல. கண்டுபுடிக்கறேன்."

அன்று மத்தியானம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன். கையைப் பற்றி நினைப்பதை நிறுத்திவிட்டுக் கார் கழுவுவதை நினைத்தேன். கழுவும்போது உண்மையில் என்னென்ன செய்கிறோம்? தூக்குகிறோம், பிடிக்கிறோம், பிழிகிறோம், குனிகிறோம். தேய்ப்பது இதில் சின்ன வேலை. தேய்க்க விரல் தேவையில்லை, தோள் போதும். என் தோள் வேலை செய்கிறது. அப்படியென்றால் தூக்காமல், பிடிக்காமல், பிழியாமல் கழுவ வேண்டும். அதற்கு எது உதவுமோ அதுதான் என் சாமான். மற்றவர்களுக்கு எது நல்ல சாமான் என்பது எனக்குத் தேவையில்லை.

முதலில் தூக்குவது. அடுப்படியில் கேஸ் சிலிண்டருக்கு அடியில் சக்கரம் வைத்த வட்டத் தட்டு இருக்கிறது. அதைக் காலால் தள்ளினாலே சிலிண்டர் நகரும். பக்கெட் மட்டும் நகராதா? மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சிலிண்டர் தட்ட எடுத்தீங்கன்னா நான் எதுல வச்சி நவுத்தறது?"

"வேற வாங்கிக்கலாம். ரெண்டு வேணும்."

"ரெண்டா?"

"சோப்பு தண்ணிக்கு ஒண்ணு, அலசறதுக்கு ஒண்ணு. மண்ணு மறுபடி வண்டிக்கு போவக் கூடாது."

அவள் முகத்தில் அப்போதுதான் ஒரு மாற்றம் தெரிந்தது. "வெங்காயம் வச்சிருக்கற பிளாஸ்டிக் கூடைய கவுத்து பக்கெட் அடியில போட்டா மண்ணு கீழ தங்கிடும் இல்ல?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. கூடையின் மேல் அழுத்தினால் துணி தானாகப் பிழிபடும், முறுக்க வேண்டியதில்லை. ஒரே கூடையில் இரண்டு வேலை.

சனிக்கிழமை அண்ணாமலை நகரில் பிசியோதெரபிஸ்ட் என் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தபோது திட்டத்தைச் சொன்னேன். கண்டிப்பான பெண். "ஈரத்துல வழுக்கி விழுந்தீங்கன்னா நாம மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் சார்" என்றாள்.

"விழாம எப்டி செய்யறதுன்னு சொல்லுங்கம்மா. செய்யக் கூடாதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

அடியில் நல்ல பிடிப்புள்ள செருப்பு போட வேண்டும், பக்கத்தில் நாற்காலி இருக்க வேண்டும், சக்கரம் துடைக்கக் குனியாமல் உட்கார வேண்டும், வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியில் என் வலது கையை மேசைமேல் வைத்து, அதன்மேல் என் இடது கையை வைத்தாள். "இந்த கை புடிக்காது. ஆனா தள்ளும். மேல இருக்கற கை வழி காட்டட்டும். பயிற்சின்னு நெனச்சே செய்யுங்க."

அங்கிருந்து நேராகச் சிதம்பரத்தில் கார் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்த எடுப்பில் நுரை பீய்ச்சும் மெஷின் ஒன்றைக் காட்டினார். வேண்டாம் என்றேன். நீளக் கைப்பிடி பிரஷ் காட்டினார். நாரைத் தொட்டுப் பார்த்தேன்; முரடு. கீறல் போட எனக்கு பிரஷ் தேவையில்லை.

"கையில மாட்டற கிளவுஸ் மாதிரி ஒண்ணு வருமே, அது இருக்கா?"

மேல்தட்டிலிருந்து இரண்டு மூன்று வகை எடுத்துப் போட்டார். ஒன்று வெறும் பை. மணிக்கட்டில் எதுவும் இல்லை, தண்ணீர் ஏறினால் கழன்றுவிடும். இன்னொன்றின் வாய் மிகச் சின்னது. மடங்கிய விரல்களை உள்ளே நுழைக்க முடியவில்லை. மூன்றாவது, அடர்ந்த மைக்ரோஃபைபர் இழைகளோடு அகலமாக இருந்தது, மணிக்கட்டில் எலாஸ்டிக். நின்ற இடத்திலேயே போட்டுப் பார்த்தேன். இடது கையால் இழுத்துவிட, வலது கை முழுதாக உள்ளே போயிற்று. கையைத் தொங்கவிட்டு உதறினேன். விழவில்லை. மறுபடி உதறினேன்.

கடைக்காரர் என் மனைவியைப் பார்த்தார். "சார் இன்னா பண்றாரு?"

"கீழ வுழுதான்னு பாக்கறாரு" என்றாள் அவள், சிரிக்காமல்.

அதையே வாங்கினேன். ஈரம் உறிஞ்ச ஒரு பெரிய துண்டு. சின்னத் துணியென்றால் அடிக்கடி பிழிய வேண்டும், பெரியதென்றால் மேலே விரித்து ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போதும். கார் ஷாம்பு. மேற்கூரைக்கு, கைப்பிடியோடு மெத்தென்ற துணி வைத்த மாப். ஓஸ் பைப்புக்கு, விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாத முனை ஒன்று கேட்டேன். கட்டைவிரலால் ஒருமுறை தள்ளினால் திறந்தே இருப்பது கிடைத்தது. சிலிண்டர் தட்டுகளைப் பாத்திரக்கடையில் வாங்கினோம்.

மிச்சமிருந்தது தண்ணீர். எங்கள் தெரு போர் தண்ணீரில் உப்பு அதிகம். கருநீலத்தில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். நான் மெதுவாகத்தான் துடைப்பேன், புள்ளி நிச்சயம். அதனால் முதலில் தூசை அடித்து விடுவதற்கு மட்டும் போர் தண்ணீர். சோப்புக்கும் கடைசி அலசலுக்கும் முந்தின நாளே டிரம்மில் பிடித்து வைத்த கார்ப்பரேஷன் தண்ணீர்; அதை இடது கையால் மக்கில் மொண்டுகொள்ளலாம்.

ஞாயிறு வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். சர்ச்சில் எப்போதும் முதல் பூசைக்குப் போகிற நாங்கள் அன்றிலிருந்து இரண்டாம் பூசைக்கு மாறினோம்.

அன்று காலை பக்கெட்டுகளைக் காலால் தள்ளிக்கொண்டு போனேன். முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். வலது கையில் கிளவுஸ், அதன்மேல் இடது கை. தள்ளினேன். அது போயிற்று. திரும்ப இழுத்தேன். வந்தது. கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கை காலியில்லை.

எல்லாம் சரியாக நடந்ததென்று சொல்ல முடியாது. முதலில் ஒரு பக்கம் முழுக்க சோப்பு போட்டுவிட்டேன். அலச வருவதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாயிற்று. மறுபடி போட்டு அலசினேன். அதன்பிறகு ஒரு கதவு, ஒரு அலசல், ஒரு துடைப்பு என்று போனேன். நடுவில் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"கூரைய மட்டும் நான் பண்ணிடட்டுமா?"

"வேணாம்."

"வெயில் வந்துடுச்சுங்க."

"கூரைய சாயங்காலம் பண்றேன். இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு. நீ பண்ணாத."

அவள் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். கடைசிச் சக்கரத்தைக் குளியலறை முக்காலியில் உட்கார்ந்து துடைத்து முடித்தபோது தோள் தீயாய் எரிந்தது. மேலே கூரை அழுக்காகவே இருந்தது, கீழே வண்டி கருநீலமாக இருந்தது. அப்படியே பூசைக்குப் போனோம். கூரையை மாலையில் முடித்தேன்.

பல மாதங்கள் ஆகிவிட்டன. அலுவலகத்துக்கு இடது கைக் கையெழுத்தோடு திரும்பிவிட்டேன். வலது கை விரல்கள் இப்போது பாதி மூடுகின்றன. ஒரு துணியை நழுவவிடாமல் பிடிக்கும், ஸ்டியரிங்கைப் பிடிக்க அது போதாது. வண்டி மனைவியினுடையதாகிவிட்டது, அதில் எனக்கு வருத்தமில்லை. போன வாரம் தன்னோடு வேலை பார்க்கும் ஆசிரியைகளை ஏற்றிக்கொண்டு திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தாள். வழியில் நல்ல மழை. வண்டி கதவு மட்டம்வரை சேற்றோடு வந்து நின்றது.

"எல்லாரும் வண்டி புதுசான்னு கேட்டாங்க, போவும்போது" என்றாள். "வரும்போது யாரும் கேக்கல."

சிரித்துவிட்டு, டிரம்மில் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திருப்பப் போனேன்.