காகிதக் கப்

வெளிநாட்டுச் சிறையிலிருந்த ஒரு மாணவனுக்காக எங்கள் கல்லூரியில் கையெழுத்து இயக்கம் நடத்தினோம். முன்னால் நின்றவள் என் தோழி கவிதா. மனித உரிமை பற்றி அவள் பேசினால் எனக்குப் புல்லரிக்கும். பதாகை எழுத, அவிநாசியில் அவள் வீட்டில் கூடினோம்.

"எந்த ஊருங்க அம்மணி?" என்று அவள் அம்மா என்னிடம் கேட்டார்.

"சென்னிமலைப் பக்கமுங்க."

"ஊருக்குள்ளங்களா, காலனிங்களா?"

"காலனிங்க."

காபி வந்தது. எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்கு மட்டும் காகிதக் கப்.

"சூடா இருக்குதுங்க அம்மணி, பாத்துக் குடிங்க." மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

கவிதா என் கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து பதாகைக்கு வண்ணம் தீட்டினாள். நானும் குடித்துத் தொலைத்தேன்.

அன்று காபியும் கையுமாக நாங்கள் எடுத்துக்கொண்ட படத்தை அவள் ஒரு வெளிநாட்டு மனித உரிமை அமைப்புக்கு அனுப்ப, பாராட்டு வந்தது. என் கையில் இருப்பது அவர்களுக்கு வெறும் கப். கவிதாவுக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினாள்.