துரை நன்றி சொன்னார்

வெளிநாடு போய்வந்தால் உலகம் புரியும் என்று சொல்லித்தான் எல்லோரையும் அனுப்பிவைக்கிறார்கள். துரைக்கும் புரிந்தது. ஆனால் விமானம் ஏறிப் போய் அவர் கண்டுபிடித்தது, சொந்த வீட்டில் கட்டிலுக்கும் கொல்லைக்கும் நடுவே பதினான்கு வருஷமாக நடந்துகொண்டிருந்த ஒரு சங்கதியை.

துரை என்பது மனைவியின் தம்பி வைத்த பட்டப்பெயர். தண்ணீரை நாற்காலியிலிருந்தே கேட்பார். கழற்றிய சட்டை எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்க்கமாட்டார். இரண்டு நாளில் அது வெளுத்து, மடிந்து, அலமாரிக்குள் போயிருக்கும். எப்படி என்று அவர் ஆராய்ந்ததில்லை. சூரியன் எப்படி உதிக்கிறது என்றுகூடத்தான் ஆராய்ந்ததில்லை.

போன இடத்திலும் முதல் நாள் சட்டையைக் கழற்றிப் போட்டார். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். விழுந்த இடத்திலேயே கிடந்தது.

வேலையோ, விதியின் குசும்பு, ஆஸ்பத்திரி லாண்டரியில். ஒருவர் துவைத்ததை அடுத்தவர் வாங்கி உலர்த்த, இன்னொருவர் தேய்க்க, கடைசி ஆள் மடிக்க வேண்டும். கை மாறும்போதெல்லாம் வாங்குகிறவர் நன்றி சொல்வார். முதல் வாரம் துரை இதைக் கிண்டல் என்றே நினைத்தார். போர்வையைக் கொடுப்பதற்கு எதற்கு நன்றி, அதற்குத்தானே சம்பளம்? பிறகு ஒருநாள், ஈரப் போர்வைகளை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுகொண்டிருந்த நேரத்தில், வாங்கிக்கொண்ட ஆள் வழக்கம்போல அந்த வார்த்தையைச் சொன்னார். வலி ஒன்றும் குறையவில்லை. ஆனால் வலிப்பது இன்னொருத்தருக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு முழுக்க துரைக்கு மனைவியின் தோள்கள் ஞாபகமாகவே இருந்தன.

அந்த வார விடுமுறையில் காலையில் போன் பேசினார். குழாயை ஆள் வைத்துச் சரிசெய்தது, துரையின் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனது, பெரியவளுக்குக் காய்ச்சல் வந்து போனது என்று மனைவி வரிசையாகச் சொன்னாள். எப்போதும் “சரி சரி” என்று வெட்டிவிடுகிற மனிதர், “ரொம்ப நன்றிம்மா” என்றார்.

மனைவி பதறிப்போனாள்.

“என்னங்க, டாக்டர் என்ன சொன்னாரு?”

“எந்த டாக்டர்?”

“மறைக்காதீங்க. எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன்.”

மதியத்துக்குள் துரையின் அக்கா, மாமியார், சித்தப்பா என்று வரிசையாக அழைப்பு. உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது என்று எல்லோரிடமும் அடித்துச் சொன்னார் துரை. அதுதான் வினையாயிற்று. உடம்பில் கோளாறு இல்லையென்றால் ஆண்பிள்ளை நன்றி சொல்வதற்கு இன்னொரு காரணம்தானே இருக்க முடியும்? அதே நாட்டில் பக்கத்து ஊரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த தம்பியை, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள் மனைவி.

மைத்துனன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். விரித்த படுக்கையில் சுருக்கமில்லை. சட்டைகள் ஓரத்துக்கு ஓரம் மடிந்திருந்தன. அடுப்பு பளபளத்தது. கட்டிலுக்கடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான், தூசி இல்லை. அவனுக்கு வியர்த்துவிட்டது.

“யாரு மாமா அது?” என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திராமல் வீடியோவில் அக்காவைக் கூப்பிட்டு அறையைச் சுற்றிக் காட்டினான். “நீயே பாருக்கா. இது ஆம்பளை இருக்கிற ரூமா?”

மனைவியின் கண் ஏற்கெனவே சிவந்திருந்தது. “இதெல்லாம் நானே பண்ணதுதான்,” என்றார் துரை. இப்போது நிரூபிக்காவிட்டால் பதினான்கு வருஷமும் போச்சு. சத்தியம் பண்ணலாம்தான், தன் சத்தியத்துக்கு வீட்டில் என்ன மரியாதை என்பது அவருக்கே தெரியும்.

பரீட்சையை மனைவியே வைத்தாள். தம்பி ஒரு சட்டையை எடுத்துக் கசக்கிப் போட்டான். துரை உதறினார். தண்ணீர் தெளித்தார். காலரை உள்பக்கமாகத் தேய்த்து, தோள்பட்டைக்குப் போய், கையை முடித்து, பொத்தான்களைச் சுற்றி இஸ்திரிப் பெட்டியின் மூக்கை நுழைத்து நுழைத்து எடுத்தார். மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“பட்டனைச் சுத்தி முனையாலதான் தேய்க்கணும்னு யாரு சொல்லிக்கொடுத்தா?” என்றாள் மனைவி.

“லாண்டரி சூப்பர்வைசர். இவ்வளவு பெரிய மீசை வச்சிருப்பாரு.”

மனைவி மூச்சு விட்டாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

“அப்ப பதினாலு வருஷமா இந்தக் கைய எங்க வச்சிருந்தீங்க?”

பழைய வழக்கு தள்ளுபடியாகி, புது வழக்கு பதிவாகிவிட்டது. இதில் அவர் குற்றவாளியேதான்.

“நீ செய்யிறது என் கண்ணுலயே படல,” என்றார் துரை, இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு.

தாழ்ந்த குரலில் அவள் சொன்னாள்: “அன்னைக்கு என்னமோ சொன்னீங்களே. அதை இன்னொரு தடவை சொல்லுங்க.”

துரை மைத்துனனைப் பார்த்தார்.

“மாப்ளே, கொஞ்சம் பாத்ரூம் போய்ட்டு வாயேன்.”

“எனக்கு வரலையே மாமா.”

“வரும், போ.”

கதவு சாத்தப்பட்டது. காதை ஒட்டவைத்தும் மைத்துனனுக்கு எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை. வெளியே வந்தபோது போனில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் வேனை ஓரங்கட்டி, அம்மாவுக்கு அறிக்கை கொடுத்தான் மைத்துனன்.

“பொம்பளையெல்லாம் இல்லம்மா. ஆனா ஆளு கைவிட்டுப் போயிட்டாரு. என் வீட்டுக்காரி காதுல மட்டும் இது விழுந்துடக் கூடாது.”