சூடான சாப்பாடு, பன்னிரண்டு இருபதுக்கு

என் பெண்ணை ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. அவள் தவித்திருந்தால் அதில் நியாயம் உண்டு. அவளோ காலையில் பல் தேய்த்தாள், யூனிபார்ம் போட்டுக்கொண்டாள், ஸ்கூட்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான்தான் கேஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதித் தெருவிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தேன்.

பழைய பள்ளிக்கூடம் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாவது வரை ஏழு வருஷம். காலை மணி அடித்து பிள்ளைகள் உள்ளே போன பிறகும் நாங்கள் நாலு அம்மாக்கள் கேட்டை விட்டு நகரமாட்டோம். மாமியார் கதை, மாவரைக்கிற கதை, வேலைக்காரம்மா வராத கதை. அரை மணி நேரம் போவதே தெரியாது. ஐந்தாவதோடு அங்கே வகுப்புகள் முடிந்துவிடும். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள், நாங்களும் போனோம். போனில் எங்களுக்கென்று இருந்த குரூப்பில் இப்போது பூப்படம் போட்ட காலை வணக்கம் மட்டும் வருகிறது.

எங்களுக்குச் சாந்தோம் பக்கம் ஒரு பெரிய பள்ளியில் இடம் கிடைத்தது. இவள் வகுப்பில் மற்ற பெண்கள் எல்லோரும் பால்பல் விழுந்த காலத்திலிருந்து ஒன்றாகப் படிப்பவர்கள். இவள் ஒருத்திதான் புதுசு. வருகைப் பதிவேட்டில் பெயர் வரிசைப்படி மூன்றாவதோ நாலாவதோ வரவேண்டியவளை, நியூ அட்மிஷன் என்று கடைசியில் எழுதிவிட்டார்கள்.

“கடைசி நம்பர்தான் மா நல்லது. மிஸ்ஸுக்கு மறக்காது” என்றாள்.

பதினோரு வயசு வாயா இது என்று எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

சாயங்காலம் அவளை அழைத்து வரும்போதே விசாரணை ஆரம்பமாகிவிடும்.

“இன்னிக்கு யார்கிட்ட பேசின?”

“எல்லார்கிட்டயும்.”

“எல்லார்கிட்டயும்னா?”

“எல்லார்கிட்டயும்தான் மா.”

எல்லோரிடமும் என்றால் ஒருத்தரிடமும் இல்லை என்று அர்த்தம். இதுகூடவா எனக்குத் தெரியாது? இன்டர்வெலில் யாரோடு போனாய், பி.டி. பீரியடில் யார் ஜோடி, ரப்பர் இல்லாவிட்டால் யாரிடம் கேட்பாய் என்று விடாமல் குடைவேன். ஒரு நாள் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் பெயரைக் கேட்டேன். “அவ இன்னிக்கு வரல” என்றாள். வராவிட்டால் பெயரும் லீவு போட்டுவிடுமா?

என் வீட்டுக்காரர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டார்.

“கொழந்தைய போலீஸ் ஸ்டேஷன்ல வச்சு விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிற. விடுடி, ரெண்டு மாசத்துல தானா செட் ஆயிடுவா.”

“செட் ஆகுறதுக்கு அவ என்ன உங்க பட்டறை மெஷினா?” என்றேன்.

விட முடியவில்லை. அவளுடைய டையின் நுனியைத் துவைக்கும்போது பார்த்தேன். கடித்துக் கடித்துப் பிசிராகியிருந்தது. முதல் வாரம் கொடுத்தனுப்பிய சாப்பாடு பாதிக்குப் பாதி திரும்பி வந்தது. ஏன் என்றால், “ஆறிப்போச்சு மா.” யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்றால் பதிலே இல்லை. நாற்பது பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் என் பெண் ஒரு மூலையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பது கண்ணிலேயே நின்றது. தனியாகச் சாப்பிட்டால் சோறு தொண்டையில் இறங்குமா? அவளுக்குச் சாப்பிடும் நேரத்துக்கு ஒரு துணை வேண்டும். அது கிடைக்கிற வரைக்கும் சூடான சாப்பாட்டை நானே கொண்டு போவது என்று முடிவு செய்தேன்.

அந்தப் பள்ளியில் கேட்டைத் தாண்டியதும் ஒரு தகரக் கொட்டகை உண்டு. எல்.கே.ஜி., யு.கே.ஜி. அம்மாக்கள் அங்கே உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுவார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொண்டு வந்தால் பையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். வாட்ச்மேன் முதல் நாளே மறித்தார்.

“இன்னாமா, எந்த கிளாஸ் பாப்பா?”

“ஆறாவது.”

“ஆறாவதா? அப்ப பைய டேபிள் மேல வச்சிட்டு போய்க்கினே இரு.”

“புதுசுங்க. நான் கூட இருந்தாதான் சாப்பிடுவா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, ஒரு ரெண்டு நாள் குந்து. கூடப் படிக்கிற பசங்க பாத்தா சிரிக்கும்மா.”

அந்த ரெண்டு நாள் ஆறு வாரமாக இழுத்துக்கொண்டு போனது.

பத்து மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பேன். பதினொன்று நாற்பதுக்கு வண்டியை எடுத்தால் துரைசாமி சப்வேயில் ஒரு முட்டல், தி.நகரில் ஒரு திட்டு, லஸ் பக்கம் தோண்டிப் போட்ட ரோட்டில் நாலு சுற்று. பன்னிரண்டு இருபதுக்கு மணி அடிக்கும்போது நான் கொட்டகையில் இருப்பேன். மாடிப்படியில் அவள் வகுப்புப் பெண்கள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு திமுதிமுவென்று இறங்கி, மைதானத்து ஓரம் வேப்பமரத்தடிக்குப் போவார்கள். இவள் மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து, எதிர்த் திசையில், என்னை நோக்கி வருவாள்.

அந்த பெஞ்சு சின்னப் பிள்ளைகளுக்காகக் கட்டியது. இவள் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிடும். ஒரு பக்கம் பருப்பு சாதத்தைத் துப்பும் யு.கே.ஜி. பையன், இன்னொரு பக்கம் தட்டோடு துரத்தும் அவன் அம்மா, நடுவில் என் ஆறாம் வகுப்புக்காரி. நான் கேரியரைத் திறந்து ரசம் சாதம், உருளைக்கிழங்கு ரோஸ்ட் என்று ஆவி பறக்க எடுத்து வைப்பேன். அவள் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு அவசரம் அவசரமாக விழுங்குவாள்.

“மெதுவா தின்னுடி. ரயிலா பிடிக்கப்போற?”

பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, “போகட்டா மா?” என்பாள். அதற்குள் என்ன அவசரம்? மோரைக் குடிக்கவைப்பேன், கலைந்த பின்னலைச் சரிசெய்வேன், காலையிலிருந்து என்னவெல்லாம் நடந்தது என்று கேட்பேன். மணி அடித்துவிடும். அவள் ஓடுவாள். அந்தப் பெண்கள் யாராவது அவளுக்காக நிற்கிறார்களா என்று எம்பி எம்பிப் பார்ப்பேன். ஒருத்தியும் நிற்கமாட்டாள். கல் நெஞ்சுக்காரிகள் என்று திட்டிக்கொண்டே பாத்திரத்தைக் கழுவுவேன்.

வகுப்பு டீச்சரிடம் போய் முறையிட்டேன். சின்னப் பெண், கல்யாணம்கூட ஆகியிருக்காது.

“லஞ்ச்ல கிளாஸ் பசங்களோட உட்கார்ந்தா சீக்கிரம் பழகிடுவா மேடம்” என்றாள்.

“ஆறினா சாப்பிட மாட்டா மிஸ். அது இருக்கட்டும், உங்க கிளாஸ் பொண்ணுங்க ஒருத்திகூட இவள சேர்த்துக்க மாட்டேங்குறாங்க. அதக் கொஞ்சம் பாருங்க.”

டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்து, “சரி மேடம், பாக்குறேன்” என்று முடித்துவிட்டாள். வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அந்த டீச்சருக்கு அனுபவம் போதாது என்று சொன்னேன்.

இப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை சாதம் பாதி வேகும்போது கேஸ் தீர்ந்துபோயிற்று. புது சிலிண்டரை உருட்டி வந்து மாட்டினால் வாயு கசிகிறது. வாஷர் போயிருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டு, வாஷர் வாங்கி, மாட்டி, மறுபடி அடுப்பைப் பற்றவைத்தபோது பதினொன்றரை. பள்ளி ஆபீசுக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு நான் வண்டி ஓட்டிய ஓட்டத்துக்கு என்னை யாராவது பிடித்து உள்ளே போட்டிருந்தாலும் தப்பில்லை. பிள்ளை பட்டினி, பிள்ளை பட்டினி என்று வாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. கொட்டகையில் தனியாக உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அழுதிருப்பாள். லஸ் சிக்னலில் எனக்கே அழுகை வந்துவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு ஐம்பது. கொட்டகையில் அவள் இல்லை.

“பாப்பாவத் தேடுறியா? அதோ, அந்தாண்ட துன்னுகினு கீது பாரு” என்று வாட்ச்மேன் வேப்பமரத்தைக் காட்டினார்.

ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி என் பெண். அவளிடம் டப்பா இல்லையே, அதனால் யாரோ ஒருத்தி தன் டப்பா மூடியைக் கொடுத்திருந்தாள். அந்த மூடியில் ஒருத்தி எலுமிச்சை சாதம் வைத்தாள், ஒருத்தி சப்பாத்தியைக் கிள்ளிப் போட்டாள், இன்னொருத்தி பீட்ரூட் பொரியல் வைத்தாள். வீட்டில் பீட்ரூட் என்ற பேச்சை எடுத்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவள் அதை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். வாய் நிறையச் சோற்றோடு என்னவோ சொன்னாள். வட்டமே குலுங்கிச் சிரித்தது. என் பெண் இவ்வளவு பேரைச் சிரிக்கவைப்பாள் என்பது எனக்கே தெரியாது.

அப்போது அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். அதில் பயம் இருந்தது. அம்மா கூப்பிட்டுவிடுவாளோ, இப்போதே எழுந்து போகவேண்டியிருக்குமோ என்ற பயம். பெற்றவளைப் பார்த்து என் குழந்தை பயந்தாள். ஆறு வாரமாக அவளுடைய பன்னிரண்டு இருபதில் வந்து உட்கார்ந்துகொண்டு, உனக்கு ஏன் யாருமே இல்லை என்று அவளையே கேட்டுக்கொண்டிருந்தேனே!

பையோடு சட்டென்று திரும்பிவிட்டேன். “குடுக்கலியாமா?” என்றார் வாட்ச்மேன். “வேணாங்க, அவ சாப்டுட்டா” என்றேன். வெளியே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தேன். வீணாக்க மனசு வரவில்லை. ரெண்டு வாய் தின்றேன், அதற்குமேல் இறங்கவில்லை. தினம் பன்னிரண்டு இருபதுக்கு எனக்கும் ஒரு துணை கிடைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. இனி அது கிடையாது. வெட்கமாகவும் இருந்தது, அடிபட்ட மாதிரியும் இருந்தது.

சாயங்காலம் வண்டியில் நான் ஒன்றும் கேட்கவில்லை. “கேஸ் தீர்ந்துபோச்சு. அதான் லேட்டு” என்று மட்டும் சொன்னேன்.

“பரவால்ல மா.” கொஞ்ச தூரம் போனதும், ரொம்ப ஜாக்கிரதையாக, “நாளைக்கும் லேட்டாகுமா மா?” என்றாள்.

சுருக்கென்று கோபம் வந்தது, வழக்கம்போல. அதை விழுங்கினேன்.

“ஆகும்டி. அந்த அடுப்பு இனிமே சரிப்படாது போலருக்கு. டப்பாலயே கொடுத்தனுப்பிடட்டுமா?”

“சரி மா. மூடி பெருசா இருக்கணும்.”

வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பாத்திரக் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் எடுத்துப் போட்ட டப்பாக்களின் மூடியை மட்டும் நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “டப்பாவப் பாருங்கம்மா, மூடியவே பாக்குறீங்களே” என்று அவர் அலுத்துக்கொண்டார். விளிம்பு உயர்ந்த, தட்டு மாதிரி அகலமான மூடியாக ஒன்றை எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் பதினொன்று நாற்பதுக்குக் கை தானாக ஸ்கூட்டி சாவிக்குப் போனது. எடுத்தேன், திரும்ப ஆணியில் மாட்டினேன், மறுபடி எடுத்தேன். வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். பன்னிரண்டு இருபதுக்கு ஒரு தட்டில் ரசம் சாதத்தைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். டி.வி.யைப் போட்டேன், அணைத்தேன். பழைய கேட் அம்மாக்களில் ஒருத்தியைக் கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. சாதம் ஆறிவிட்டது.

சாயங்காலம் அவள் குதித்துக்கொண்டு வந்தாள். டையின் நுனி கடிபடாமல் காய்ந்திருந்தது. டப்பாவை ஆட்டிக் காட்டினாள், காலி. கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். லஸ் சிக்னலில் நிற்கும்போது அவளே பேச்செடுத்தாள்.

“மா.”

“ம்.”

“நீ இன்னிக்கு யாரோட சாப்ட?”

சிக்னலில் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

“எல்லாரோடயும்” என்றேன்.

அவள் முன்னால் எட்டி, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள்.

“எல்லாரோடயும்னா?” என்றாள்.