அவளுக்குத் தெரிந்த தமிழ்

"ஏய், கையை நீட்டு. ஆடாதே."

வேலம்பாளையத்தில் நான் நர்ஸாக இருக்கும் சிறிய ஆஸ்பத்திரியில், ஒடிசாவிலிருந்து வந்த உதவியாளப் பெண் ஒரு காலையில் இப்படிச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் சொன்னது சேவூர்ப் பெரியவர் ஒருவரிடம். தோட்டமும் பனியன் கம்பெனியும் உள்ளவர். ஊரே அவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிடும். அவளோ சிரித்த முகத்தோடு பிரஷர் பார்க்கும் பட்டையை அவர் கையில் சுற்றிக்கொண்டே, "பேசாதே, வேலையைப் பாரு" என்று வேறு சேர்த்துக்கொண்டாள்.

எங்கள் வார்டில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். வலிக்கும் இடத்தைக் கையால்தான் தொட்டுக் காட்டுவார்கள். அதனால்தான் டாக்டரம்மா, பல வருஷமாகப் பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த, அவர்கள் பாஷையும் தமிழும் தெரிந்த இவளைச் சேர்த்தார். சேர்ந்த சில நாளிலேயே பிரசவ அறையில் கூச்சல் குறைந்தது. செத்தாலும் கம்பெனிக்குத் திரும்ப மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

பெரியவர் பட்டையைப் பிடுங்கி எறிந்தார். "ஏனுங்க டாக்டரம்மா, பேத்தி வயசுப் புள்ள என்னைய ஏய்ங்குது, பேசாதேங்குது. இதைய இப்பவே அனுப்புங்க. இல்லீன்னா நான் வேற ஆஸ்பத்திரி பாத்துக்கறனுங்க."

நாய்க்குக்கூட 'ங்க' போடுகிற ஊர் என்று வெளியூர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். அவருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. டாக்டரம்மாவுக்கும் அவளை அனுப்பிவிடுவது தவிர வழி தெரியவில்லை. அவளோ என்ன தவறு என்றே விளங்காமல் அழத் தொடங்கினாள்.

"இப்படிப் பேச உனக்கு யாரு கண்ணு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"கம்பெனியில எல்லாரும் என்கிட்ட இப்படித்தான் பேசும், மேடம். கேட்டுக் கேட்டு நான் நல்லா கத்துக்கிட்டேன்." அந்த அழுகையிலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மரியாதைக்குப் பேர்போன ஊரில் இத்தனை வருஷம் உழைத்தவள் காதில் ஒரு 'ங்க' விழவில்லை.

"எந்தக் கம்பெனி?" என்றார் பெரியவர். குரல் இறங்கியிருந்தது. அவள் ஒரு பெயரைச் சொன்னாள். அவருடையது இல்லை. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. தன் கம்பெனியில் என்ன தமிழ் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? சட்டைக் கையை மடித்துவிட்டு, அவள் பக்கம் நீட்டினார்.

"பாருங்க," என்றார்.

அதற்குப் பிறகு அவளை அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இன்று எங்கள் வார்டில் அஸ்ஸாம், ஒடிசா, தென்காசி என்று பல ஊர்ப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். தமிழே பேசும் தென்காசிப் பெண்ணுக்கும் பாடம் 'ங்க'வில்தான் தொடங்கும். அவள் பேச்சைக் கேட்டு, "அம்மிணிக்கு அவிநாசிப் பக்கமுங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. தூக்கத்தில் மட்டும், "ஏய், சீக்கிரம், சீக்கிரம்" என்று உளறுகிறாளாம். அவள் புருஷன் சொன்னான். அந்தத் தமிழை அவளுக்கு மறக்கடிக்க எங்களால் முடியவில்லை.