ரெண்டாவது ஆளு

அந்த ஆத்துக்கு ரெண்டு கரையும் தாழ்வு. பாலம் போட்டா பாய்மரப் படகு அடியில நுழையாது. பாலத்த ஒசத்திக் கட்ட ரயில் கம்பெனிக்கு மனசு வரல. ஆத்து நடுவுல ஒரு உருண்டைத் தூண எழுப்பி, மேல இரும்பு உருளைய வச்சு, தண்டவாளத்தோட பாலத்தத் தூக்கி உக்கார வச்சுட்டாங்க. படகு வந்தா நடுப்பாலத்துல ரெண்டு பேரு நீளக் கம்பியப் பிடிச்சு செக்குமாடு மாதிரி சுத்தணும். பாலம் குறுக்க திரும்பி வழிவிடும்.

ரெண்டு பேரு. கட்டுனவன் போட்ட கணக்கு அது. செலவக் குறைக்க ஆபீஸ் அதுல ஒருத்தர வேலைய விட்டுத் தூக்கிருச்சு.

மிச்சம் நின்ன பாலக்காரரு, ரெண்டாவது ஆளு வேணும்னு மனு போட்டாரு. மறுநாளே வழி கேட்டு படகு சங்கு ஊதுச்சு. கரையோர குவார்ட்டர்ஸ்ல துணி அலசிக்கிட்டிருந்த சம்சாரம், "நானும் ஒரு கை பிடிக்கிறேங்க"ன்னு ஈரக்கையோட வந்துச்சு. பிடிச்ச கைய அப்புறம் விடவே முடியல. சம்பளம் கிடையாது. வருஷம் ஓடுச்சு, அந்தம்மா இடுப்பும் போச்சு. ஒரு ரயிலும் லேட்டாகல. ஆபீஸ் என்ன சொல்லும்? "ஒத்த ஆளே போதும், நல்லாத்தானே ஓடுது!"

விடாம மனு போட்டதுல ஒரு வழியா அதிகாரி நேர்ல பாக்க வந்தாரு.

"இன்னிக்கு நீ வாசப்படி தாண்டாத. பாலம் அசையக்கூடாது. அசைஞ்சா ஆளு வராது"ன்னு சம்சாரத்துகிட்ட படிச்சுப் படிச்சு சொல்லிட்டுத்தான் பாலக்காரரு போனாரு.

படகு ஊதுச்சு. வெயில்ல இரும்பு உப்பி, பாலத்து முனை ரெண்டும் இறுகிக் கிடக்கு. அவரு முக்குறாரு. நெசமாவே அசையல.

"அண்ணே, வீட்ல சோறு போடலையா?" படகுக்காரன் கீழேருந்து கத்துறான்.

"ஒத்த ஆளால முடியாதுதான் போல"ன்னு அதிகாரி பேனாவத் திறந்தாரு.

அந்நேரம் பாலக்காரருக்குக் கால் வழுக்கி, முட்டி இரும்புல மோதுச்சு. வாசப்படியில நின்ன சம்சாரம் பாத்துருச்சு. இடுப்புல ஒரு கைய முட்டுக்குடுத்துக்கிட்டே தண்டவாளத்து மேல விறுவிறுன்னு வருது.

"வராதடி!"

"சும்மா இருங்க. விழுந்து பல்ல உடைச்சுக்கவா?"

தோளக் குடுத்துச்சு. பாலம் முனகிக்கிட்டே திரும்பிருச்சு.

"அட, திரும்புதே!" அதிகாரி மொகத்துல ஒரு நிம்மதி. "வீட்லயே ஒத்தாசைக்கு ஆளு வச்சுக்கிட்டு எதுக்குய்யா மனு?" நின்ன வாக்குலயே எழுதி முடிச்சாரு.

"என்னங்க எழுதுனாரு?"

பாலக்காரரு முட்டியத் தேச்சுக்கிட்டாரு.

"படகு போயிருச்சு. பிடி, மூடணும்."