தாவீது ராசாவின் மெட்டு

அந்த இசைத்தட்டை உறையிலிருந்து உருவும்போதெல்லாம் வீடு முழுக்க ஏலக்காய் மணக்கும். பாட்டு தொடங்குமுன் மணம் வந்து உட்கார்ந்துவிடும். அதைக் கொண்டுவந்த ஈசாக்கு ஐயா கொச்சிக்காரர், ஏலக்காய் வியாபாரி. காய் வரத்து நன்றாக இருக்கும் மாதங்களில் மூணாறு வழியாக மலையிறங்கிப் போடிக்கு வருவார். மாதிரிக் காய் போட்டுவைக்கும் தோல்பைக்குள்ளேயே தட்டையும் வைத்துக் கொண்டுவந்ததால் ஏறிய மணம் அது. அறுபதுகளின் கடைசி. அப்பாவுக்குப் போடி கடைவீதியில் கமிஷன் கடை. வீட்டுக்குப் புதிதாக ஒரு ரெக்கார்டு பிளேயர் வந்திருந்தது. தெருக்காரர்கள் அதைப் ‘பாட்டுப்பெட்டி’ என்றார்கள், எங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

ஈசாக்கு ஐயா யூதர். நாங்களோ யூதர்களை வேதாகமத்தில் மட்டுமே பார்த்திருந்த புராட்டஸ்டன்ட் குடும்பம். அவர் முதன்முதலாகப் படியேறி வந்த அன்று அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாலமோன் ராஜாவின் பங்காளி ஒருவருக்கு இட்லி போதுமா, ஆப்பம் சுட வேண்டுமா என்று அடுப்படியில் நின்று கலங்கிய அம்மா, பரிமாறும்போது தைரியம் வரவழைத்துக்கொண்டு, எரிகோ மதில் இருந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். வடக்கே தாம் பம்பாயைத் தாண்டிப் போனதே இல்லை என்று சொல்லிவிட்டு ஐயா இன்னொரு இட்லி கேட்டார்.

அவருடைய தங்கை மகள் இஸ்ரேலில் குடியேறி, துருக்கியின் இஸ்மிர் நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தட்டு அவள் அனுப்பியது. ஐயா வீட்டுப் பெட்டி பழுதாகிக் கிடந்ததால் எங்கள் வீட்டில் போட்டுக் கேட்டார். ஒரு பக்கத்தில் ஒரு துருக்கிப் பெண் பாடினாள். திருப்பிப் போட்டால் ஓர் ஆண் எபிரேய மொழியில் தோத்திரம் பாடினார். ஆனால் மெட்டு அதேதான். ஐயா தட்டைத் திருப்ப மறந்துவிட்டாரோ என்று பத்து வயதுக்காரியான நான் எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். ஐயா விளக்கினார். ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களுக்கு உதுமானிய சுல்தான்களின் ஊர்களில் இடம் கிடைத்ததாம். அவர்களுடைய ஜெப ஆலயப் பாடகர்கள் துருக்கியரின் காப்பிக் கடைகளிலும் சூஃபி மடங்களிலும் போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்களாம். கேட்ட மெட்டில் எபிரேயச் சொற்களை ஏற்றிக் கடவுளைப் பாடுவார்களாம். துருக்கி வித்வான்களும் ஜெப ஆலயத்துக்கு வந்து, ஓரமாக அமர்ந்து ரசித்துவிட்டு, பிடித்ததை எடுத்துக்கொண்டு போவார்களாம். அப்படியானால் கொடுத்தது யார், வாங்கியது யார் என்று அப்பா வியாபாரிக்கே உரிய கேள்வியைக் கேட்டார்.

“அதை அந்தப் பாட்டுக்காரங்க தன்னே கேட்டிட்டில்ல. பின்னே நம்மள் எதுக்கு கேக்கணும்?” என்றார் ஐயா.

தட்டை அந்தப் பருவம் முழுக்க எங்கள் வீட்டிலேயே விட்டுவைத்தார். அதனால் யாருக்கு என்ன ஆனதோ, எஸ்தர் அத்தைக்கு ஒரு புது வாழ்வு வந்தது.

எஸ்தர் அத்தை அப்பாவின் தங்கை, பள்ளிக்கூட டீச்சர். அவளுக்குக் கனத்த குரல், கீழ் சுருதியில் நின்று அதிரும் குரல். சர்ச்சுப் பாடகர் குழுவில் மற்ற பெண்கள் குயிலாகக் கூவும்போது அத்தை குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது என்று, வாயை அசைத்தால் போதும் என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அசைத்துவந்தாள். அந்தச் சிரிப்பை நாங்கள் நம்பியிருந்தோம். துருக்கிக்காரி பாடத் தொடங்கிய அன்று, அரிசி களைந்துகொண்டிருந்த அத்தை ஈரக்கையோடு வந்து நின்றாள். அது அத்தையின் குரலேதான். அத்தனை கனம், அத்தனை ஆழம். அந்தக் குரலைத் தட்டில் பதித்து உலகம் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். அன்று சோறு குழைந்துபோயிற்று, எங்கள் வீட்டில் நடக்காத காரியம் அது.

ஒரு வாரத்துக்குள் அந்த மெட்டுக்குத் தமிழில் ஒரு கிறிஸ்து பிறப்புப் பாட்டைக் கட்டிவிட்டாள். நானும் தம்பியும் பின்பாட்டு. தாளம்தான் எங்களைப் படுத்தி எடுத்தது: இரண்டு இரண்டாகப் போய்க் கடைசியில் மூன்றாக நீளும் ஒன்பது எண்ணிக்கை. தம்பி எப்போதும் எட்டிலேயே இறங்கிவிடுவான். பக்கத்து வீட்டு முத்தையா மாமா நாகசுரக்காரர்; மாரியம்மன் கோயில் விழாவிலிருந்து கடைவீதிக் கல்யாணம்வரை அவர் இல்லாமல் நடக்காது. பொதுச்சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு மெட்டு அவருக்குப் படிந்துவிட்டது. மாயாமாளவகௌளை ராகம் போலவே ஏறுகிறது, நிஷாதத்தில் மட்டும் ஒரு படி கீழே நின்றுகொள்கிறது என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே அத்தையிடம் சொல்வார். அவருடைய தவில்காரர் இதென்ன நொண்டி நடை என்று திட்டிக்கொண்டே வாசித்துப் பழகினார்.

கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனையில் யார் என்ன பாடுவது என்று முடிவு செய்பவர் சர்ச்சு மூப்பர் செல்லத்துரை ஐயா, இரும்புக்கடைக்காரர். அவரை வீட்டுக்கு அழைத்து அத்தை எபிரேயப் பக்கத்தை மட்டும் போட்டுக் காட்டினாள். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அதுதானே பொருத்தம் என்பது அவள் எண்ணம். மூப்பர் கண்ணை மூடிக் கேட்டார். இது தாவீது ராசா சுரமண்டலம் வைத்துப் பாடிய மெட்டாகத்தான் இருக்கும் என்று தாமாகவே முடிவு கட்டி, அத்தை தனியாகப் பாடலாம் என்று உத்தரவும் கொடுத்துவிட்டுப் போனார். அன்று அத்தை எங்களுக்கு முறுக்கு சுட்டுத் தந்தாள். சுடும்போதும் பாடினாள்.

கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் எல்லாம் கெட்டது. கடைவீதியில் மாப்பிள்ளை ஊர்வலம். முத்தையா மாமா உற்சாகத்தில் இரும்புக்கடை வாசலில் நின்று, தாவீது ராசாவின் மெட்டை முழுசாக வாசித்துத் தள்ளிவிட்டார். மூப்பர் கல்லாவிலிருந்து எழுந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பொய் சொல்லத் தெரியாத அப்பா, தட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்று, துருக்கிக் காப்பிக் கடைக் கதையையும் சொல்லி, அதையும் போட்டுக் காட்டினார். அது காதல் பாட்டு என்பது மொழி தெரியாத மூப்பருக்கும் விளங்கிவிட்டது.

“ஏத்தா எஸ்தரு, கல்யாணத்துல ஊதுற பாட்டு, காப்பிக்கடைப் பாட்டு, இதையா பிறந்த பாலகனுக்குப் பாடப்போற?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அத்தை தட்டை உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தாள். மறுநாள் காலையில் அவள் பாடாமல் பாத்திரம் துலக்கியபோது எனக்கு அழுகை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை. முத்தையா மாமாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இரும்புக்கடைக்குப் போனார். அங்கே நடந்ததைக் கடையில் நின்றிருந்தவர்கள் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள்.

“மொதலாளி, ஒங்க சர்ச்சுல பாடுற கீர்த்தனையில பாதி எங்க ராகந்தான். எங்க அப்பாரு காலத்துக்கு முன்னயே போனது. நாங்க என்னைக்காவது திருப்பிக் கேட்டமா? இப்ப ஒண்ணே ஒண்ணு டீச்சரம்மாகிட்ட இருந்து எனக்கு வந்திருச்சு. அதுக்குப் போயி அவுகள வைஞ்சுட்டீகளே” என்றாராம்.

ஆணி வாங்க வந்தவர்கள் சிரித்தார்களாம். மூப்பரும் மீசைக்குள் சிரித்துவிட்டு, உடனே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாராம். மாலையில் ஆள் வந்து சொன்னது: அத்தை பாடலாம், ஆனால் முதல் பாட்டாக, சனம் வந்து சேர்வதற்கு முன்பே பாடி முடித்துவிட வேண்டும்.

கடைவீதியில் ஒரு சேதி பரவிய பிறகு சனம் வராது என்று நினைத்தது மூப்பரின் தப்பு. ஆராதனைக்கு மணி அடிக்குமுன்பே பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. முத்தையா மாமா பட்டுச்சட்டையில் வந்து தவில்காரரோடு உட்கார்ந்திருந்தார். காய் வாங்க வந்திருந்த ஈசாக்கு ஐயாவும் அவர் பக்கத்தில் இடம் பிடித்திருந்தார். அத்தை எழுந்து நின்றாள். முதல் வரியைக் கீழ் சுருதியில் எடுத்தபோது பெஞ்சுப் பலகை அதிர்ந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். எட்டில் இறங்கிவிடுவானோ என்று நான் பயந்த தம்பிகூட ஒன்பதில் சரியாக வந்து சேர்ந்தான். மூப்பரைப் பார்த்தேன். அவர் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, ஓர் எண்ணிக்கை பிசகாமல்.

பாட்டு முடிந்ததும் எழுந்து தொண்டையைச் செருமினார். “பின்னால இருக்கறவுகளுக்குச் சரியாக் கேட்டிருக்காது. இன்னொரு தரம் பாடுத்தா” என்றார்.

அதன்பிறகு அத்தை வாயை மட்டும் அசைத்ததாக எனக்கு நினைவில்லை. ஈசாக்கு ஐயா எழுபதுகளில் இஸ்ரேலுக்குப் போய்த் தங்கை மகளோடு சேர்ந்துகொண்டார், தட்டும் அவரோடு போயிற்று. இரும்புக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். முத்தையா மாமாவின் பேரன்கள் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். கடைவீதிக் கல்யாண ஊர்வலத்தில் மினி லாரி நிறைய ஒலிபெருக்கி வருகிறது.

போன கிறிஸ்துமஸுக்கு எண்பதைத் தாண்டிய அத்தையை அழைத்துக்கொண்டு அந்த சர்ச்சுக்குப் போனேன். இளைஞர் குழு கீபோர்டு வைத்து அத்தையின் பாட்டைப் பாடியது. முடிந்ததும் அத்தை ஒரு பாடகிப் பெண்ணைக் கூப்பிட்டு யார் எழுதிய பாட்டு என்று கேட்டாள். தெரியவில்லை பாட்டி, ரொம்பப் பழைய பாட்டு, நம்ம போடியிலேயே அந்தக் காலத்தில் உண்டானதாம் என்றாள் அந்தப் பெண். நான் வாயெடுப்பதற்குள் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

“மூணாவது அடியில நான் பனின்னு கேட்டிருக்கேன். நீங்க மழைன்னு பாடுறீகளே. அந்த அடிய மட்டும் ஒருதரம் பாடிக் காட்டுத்தா, நானும் பாடம் பண்ணிக்கிறேன்” என்றாள்.

பெண் பாடிக் காட்டினாள். அத்தை கூடவே பாடிப் பழகிக்கொண்டாள்.